வரிசை போடுவதா, மறுபடி வரிசையில் நிற்பதா?

மேயர் பதவிக்கு ஏழெட்டுப் பேர் மோதுகிறார்கள். யாருக்கும் பாதி வாக்கு கிடைக்கவில்லை. அப்போது என்ன செய்வது? சிகாகோ, முதல் இருவரை மட்டும் நிறுத்தி இன்னொரு தேர்தல் நடத்தும். நியூயார்க்கில், ஒரு கட்சி தன் வேட்பாளரைத் தேர்ந்தெடுக்கும் உட்கட்சித் தேர்தலில், வாக்காளர் ஒரே சீட்டில் ஐந்து பேர் வரை 1, 2, 3 என்று வரிசை போடுவார். கடைசியில் இருப்பவர் விலக விலக, அவருடைய வாக்குகள் அந்தந்தச் சீட்டில் அடுத்து உள்ள பெயருக்குப் போய்ச் சேரும்.

2021 ஜூனில் ஜனநாயகக் கட்சிக்குள் நடந்த போட்டியில், முதல் விருப்ப வாக்குகளில் எரிக் ஆடம்ஸுக்கு சுமார் 31 சதவீதம், மாயா வைலிக்கு 21, கேத்ரின் கார்சியாவுக்கு 20. எட்டுச் சுற்று எண்ணி முடித்தபோது கார்சியா ஆடம்ஸுக்கு வெறும் 7,197 வாக்குதான் பின்னால். பிறருடைய ஆதரவாளர்கள் பலர் அவரை இரண்டாவதாகவோ மூன்றாவதாகவோ எழுதியிருந்தார்கள். ஆனால் சுமார் 1,40,000 சீட்டுகளில் இந்த இருவர் பெயருமே இல்லை. முடிவைத் தீர்மானித்த சுற்றில் அவை கணக்கில் வரவில்லை. எனக்கு உறுத்துவது இதுதான். ஆடம்ஸா, கார்சியாவா என்று நேராகக் கேட்டிருந்தால் அந்தச் சீட்டுகளைப் போட்டவர்களில் பலரிடம் பதில் இருந்திருக்கும்.

சிகாகோ அப்படிக் கேட்கிறது. 2023 பிப்ரவரியில், பதவியில் இருந்த லோரி லைட்ஃபுட்டே மூன்றாவதாக வந்து வெளியேறினார். பள்ளித் துறையை முன்பு நடத்திய பால் வாலஸ் 33 சதவீதம், ஆசிரியர் சங்கத்திலிருந்து வந்த பிராண்டன் ஜான்சன் 22. ஐந்து வாரம் இருவர் மட்டும் நேருக்கு நேர் நின்றார்கள். ஏப்ரலில் ஜான்சன் 52 சதவீதத்தோடு வென்றார். அங்கே கட்சி அடையாளம் இல்லாத தேர்தல் என்பதால் எல்லா வாக்காளருக்கும் இடமுண்டு. நியூயார்க்கில் ஒரு கட்சியின் உட்கட்சித் தேர்தலில் அந்தக் கட்சியில் பதிவு செய்தவர்கள் மட்டுமே வாக்களிக்க முடியும்.

இருந்தும் நான் நியூயார்க் பக்கம். அங்கும் ஒருகாலத்தில் மறுதேர்தல்தான் இருந்தது. 2013இல் பப்ளிக் அட்வகேட் (நகர மக்களின் குறைகளைக் கேட்கும் அதிகாரி) பதவிக்கு ஜனநாயகக் கட்சிக்குள் நடந்த மறுதேர்தலுக்கு சுமார் 1.3 கோடி டாலர் செலவு. கட்சி வாக்காளரில் வந்தவர்களோ சுமார் 7 சதவீதம். வரிசை முறையில் இன்னொரு நன்மை, போட்டியாளர்களே கைகோக்க முடிவது. 2025 மேயர் உட்கட்சித் தேர்தலில் ஸோரான் மம்தானியும் பிராட் லேண்டரும், தன்னை முதலிலும் மற்றவரை இரண்டாவதாகவும் எழுதுங்கள் என்று கேட்டார்கள்.

குறை, வரிசை முறை நவம்பர் பொதுத்தேர்தலுக்கு இல்லாததுதான். உட்கட்சித் தேர்தலில் மம்தானியிடம் தோற்ற ஆண்ட்ரூ குவோமோ அதே ஆண்டு சுயேச்சையாகத் திரும்பி வந்தார். குடியரசுக் கட்சியின் கர்டிஸ் ஸ்லிவாவுக்கு வாக்களித்தவர்களுக்கு, மம்தானியா குவோமோவா என்று இரண்டாவது விருப்பம் எழுத இடமே இல்லை. அந்த இடத்தை அவர்களுக்கும் கொடுக்க வேண்டும்.