பழைய பாக்ஸ்டரில் பிரேக் சூட்டைக் குறைத்தது: மூன்று கோடை, மூன்று மழைக்காலத்துக்குப் பிறகு

வண்டி போர்ஷே பாக்ஸ்டர் 987, 2.7 லிட்டர். முன்பக்கம் 298 மி.மீ. விட்டம், 24 மி.மீ. தடிமன் உள்ள துளையிட்ட டிஸ்க். நான்கு பிஸ்டன் காலிப்பர், அதாவது பேட் என்ற உரசு கட்டைகளை டிஸ்க்கின் மேல் அழுத்தும் கவ்வி. அண்ணா சாலையிலோ ஓ.எம்.ஆரிலோ ஓட்ட இந்த பிரேக்கில் ஒரு குறையும் இல்லை. 3.717 கி.மீ. நீளமுள்ள இருங்காட்டுக்கோட்டை ரேஸ் டிராக்கில், மே மாத வெயிலில் விடாமல் நாலைந்து சுற்று வேகமாகப் போனால்தான் பெடல் பஞ்சாகிக் கீழே இறங்கும். அதற்காகச் செய்தவற்றில் எது நின்றது, எதைக் கழற்ற வேண்டி வந்தது என்பதுதான் இந்தப் பதிவு. முடிவை முதலிலேயே சொல்லிவிடலாம்: பிரேக் ஆயில், பேட், கண்ட்ரோல் ஆர்மில் (சக்கரத்தைத் தாங்கும் கையில்) மாட்டி டிஸ்க்குக்குக் காற்றைத் திருப்பும் தடுப்பு ஆகிய மூன்றும் வண்டியில் நிற்கின்றன. காற்றுக்காகப் பம்பரிலிருந்து இழுத்த ஹோஸ் வெளியே வந்துவிட்டது.

சூடு எவ்வளவு என்று கணக்குப் போட்டால் விஷயம் புரியும். ஓட்டுநரோடு சேர்த்து ஏறக்குறைய 1,375 கிலோ. 160 கி.மீ. வேகத்திலிருந்து 80-க்கு இறக்கினால் சுமார் 10 லட்சம் ஜூல் ஆற்றல் வெளியேற வேண்டும். அதில் மூன்றில் இரண்டு பங்கை முன் சக்கரங்கள் சுமப்பதாக வைத்தால், ஒரு முன் டிஸ்க்குக்கு மூன்று லட்சத்துக்கு மேல். பேட் உரசும் வளையத்தின் எடையை 6 கிலோ என்று கொண்டால், ஒரே மிதியில் டிஸ்க்கின் சூடு 100 டிகிரியை ஒட்டி ஏறும். அடுத்த வளைவுக்குள் அந்த 100 டிகிரி இறங்காவிட்டால் மிச்சம் சேர்ந்துகொண்டே போகும். குளிர்ச்சி வேலை முழுவதும் இந்த மிச்சத்தைக் குறைப்பதற்குத்தான். ஒரு மிதியில் ஏறும் சூட்டை எந்தக் காற்றுக்குழாயாலும் குறைக்க முடியாது.

எதை வாங்குவதற்கும் முன்னால் நோய் என்ன என்று பிரித்துப் பார்க்க வேண்டும். பெடல் கல் மாதிரி உறுதியாக இருந்தும் வண்டி நிற்கவில்லை என்றால் பேட் தன் சூட்டு எல்லையைத் தாண்டிவிட்டது. பெடல் மெத்தென்று கீழே போய், இரண்டு மூன்று தடவை அடித்தால் மேலே வருகிறது என்றால் காலிப்பருக்குள் ஆயில் கொதித்து ஆவிக் குமிழ் உண்டாகியிருக்கிறது. இரண்டுக்கும் மருந்து வேறு. ஆயில் கொதிக்கும் வண்டிக்குப் பெரிய டிஸ்க் வாங்கிப் போட்டுப் பணத்தைத் தொலைப்பவர்கள் நிறைய.

சென்னையில் ஆயில்தான் முதல் குற்றவாளி. டாட் 4 தர பிரேக் ஆயிலின் குறைந்தபட்சக் கொதிநிலை புதிதாக இருக்கும்போது 230 டிகிரி, ஏறத்தாழ 3.7 சதவீதம் தண்ணீர் சேர்ந்த பிறகு 155 டிகிரி. இந்த ஊர்க் காற்றில் ஈரத்துக்குப் பஞ்சமே இல்லை. ரப்பர் ஹோஸ் வழியாகவும் டப்பா மூடி வழியாகவும் அது உள்ளே போய்க்கொண்டே இருக்கும். வண்டி ஓடாமல் ஷெட்டில் நின்றாலும் ஆயிலுக்கு வயது ஏறும். மோட்டுல் ஆர்.பி.எஃப். 600-க்கு மாறியதில் உலர்ந்த நிலையில் 312 டிகிரி, ஈரம் சேர்ந்த நிலையில் 200 டிகிரிக்கு மேல் கிடைக்கிறது. பழையதை முழுக்கத் தள்ளி மாற்ற 500 மி.லி. பாட்டில் இரண்டு வாங்கிக்கொள்ளுங்கள். ஆயிலிலிருந்து காற்று எடுக்கும் வரிசை: பின் வலது, பின் இடது, முன் வலது, முன் இடது. ஒவ்வொரு காலிப்பரிலும் காற்றை வெளியே விடும் நிப்பிள் இரண்டு உண்டு. வெளிப்பக்கத்தை முதலில் திறந்து, பிறகு உள்பக்கத்துக்கு வர வேண்டும். உள்பக்கத்தை மறந்துவிடும் பட்டறைகள் உண்டு. அங்கே தங்கிய காற்றால் பெடல் ஒருநாளும் உறுதிப்படாது. திறந்து பாதி மீந்த பாட்டிலை அடுத்த வருடத்துக்கு எடுத்துவைக்காதீர்கள். டாட் 5 சிலிக்கான் ஆயில் முற்றிலும் வேறு வகை. இதோடு கலக்கவே கூடாது.

பேட் விஷயத்தில் நடுவழிதான் நல்லது. முழு ரேஸ் பேட் குளிர்ந்திருக்கும்போது சரியாகப் பிடிக்காது. கிண்டி சிக்னலில் ஊரே திரும்பிப் பார்க்கும் அளவுக்குக் கீச்சிடும், டிஸ்க்கையும் தின்னும். ரோட்டிலும் டிராக்கிலும் ஓடும் நடுத்தர வகை போதும். புதுப் பேடைப் பழக்குவதை டிராக்கில்தான் செய்ய வேண்டும்: 100 கி.மீ. வேகத்திலிருந்து 30 வரை எட்டுப் பத்துத் தடவை இறக்கி, ஒரு தடவைகூட முழுசாக நிறுத்தாமல், பிறகு பிரேக் தொடாமல் ஆறவிடுவது. சூடான பேட் ஒரே இடத்தில் அழுந்தி நின்றால் அதன் பொருள் டிஸ்க்கில் அப்பிக்கொள்ளும். பிற்பாடு ஸ்டீயரிங் உதறும்போது ‘டிஸ்க் வளைந்துவிட்டது’ என்பார்கள். பெரும்பாலும் அது வளைவே இல்லை, இந்த அப்பல்தான்.

இனி காற்று. காற்றோட்ட டிஸ்க் ஒரு பம்ப் மாதிரி. நடுப்பகுதியில் காற்றை உறிஞ்சி, இரண்டு முகங்களுக்கும் இடையே இருக்கும் சந்துகள் வழியாக விளிம்பில் வெளியே வீசும். ஆகவே காற்றை டிஸ்க்கின் நடுக்கண்ணுக்குக் கொடுக்க வேண்டும். உள் முகத்தின் மேல் நேராக அடித்தால் ஒரு முகம் மட்டும் குளிர்ந்து, மறுமுகம் சூடாகவே நின்று, டிஸ்க் தட்டு மாதிரிக் குழியும். துளைகளைச் சுற்றி வெடிப்பும் சீக்கிரம் வரும்.

இந்த வண்டிக்குக் கைகொடுத்தது போர்ஷே 911 ஜி.டி.3 வகைக் காற்றுத் தடுப்பு. முன் கண்ட்ரோல் ஆர்மில் மாட்டும் கருப்பு பிளாஸ்டிக் அள்ளி. தொழிற்சாலையிலிருந்து வருவதைவிடப் பெரியது. வண்டிக்கு அடியில் ஓடும் காற்றைத் திருப்பி டிஸ்க் நடுவுக்கு அனுப்பும். இடது, வலது வெவ்வேறு. வண்டியைத் தூக்கி ஸ்டாண்டில் நிறுத்தி, 19 மி.மீ. சாக்கெட்டால் சக்கரத்தைக் கழற்றி, பழையதை எடுத்துவிட்டுப் புதியதை அழுத்தி மாட்டினால் போதும். கிளிப்பை மட்டும் நம்பாமல் இரண்டு கேபிள் டை போட்டு இறுக்குவது நல்லது; நம் ஸ்பீட் பிரேக்கர்களில் கிளிப் மட்டும் தாங்காது. சக்கர போல்ட் 130 நியூட்டன் மீட்டர். கடைசி வேலையைத்தான் பலர் விட்டுவிடுகிறார்கள். வண்டி தன் எடையில் நிற்கும்போது ஸ்டீயரிங்கை இரண்டு பக்கமும் முழுக்கத் திருப்பி, அள்ளி டயரையோ பிரேக் ஹோஸையோ ஏ.பி.எஸ். ஒயரையோ தொடுகிறதா என்று டார்ச் அடித்துப் பார்க்க வேண்டும். தொட்டால் பிளாஸ்டிக்கைத்தான் சீவ வேண்டும். ஹோஸை இழுத்துக் கட்டக் கூடாது.

டிஸ்க்குக்குப் பின்னால் இருக்கும் தகட்டை முழுக்கக் கழற்றச் சொல்வார்கள். சென்னையில் ஓடும் வண்டிக்கு வேண்டாம். அது போனால் டிஸ்க்கின் அனல் நேராக பால் ஜாயின்ட் ரப்பரையும் ஏ.பி.எஸ். ஒயரையும் தாக்கும், ஜல்லியும் சேறும் டிஸ்க்கின் மேலேயே வந்து விழும்.

ஹோஸ் வழி ஏன் சரிப்படவில்லை என்பதை விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் எல்லோருக்கும் முதலில் அதன் மேல்தான் கண் போகும். முறை சரியானதுதான். கம்பிச் சுருள் வைத்த, சிலிக்கான் பூசிய கண்ணாடியிழை ஹோஸ், 76 மி.மீ. விட்டம். ஒரு முனை பம்பர் முகத்தில்; மறுமுனை பின்தகட்டில் வெட்டிப் பொருத்திய அலுமினிய வாயில், டிஸ்க் நடுக்கண்ணைப் பார்த்து. வாய் செய்ய அம்பத்தூரில் எந்த லேத் பட்டறையும் போதும். தோட்டத்துக் குழாய் வகை பி.வி.சி. ஹோஸ் இளகி அமுங்கிவிடும், அந்தப் பக்கமே போகாதீர்கள். ஆனால் இந்த வண்டியில் பம்பரின் இரண்டு பக்க வாய்களிலும் ரேடியேட்டரும், அதற்கு முன்னால் ஏ.சி. கண்டென்சரும் உட்கார்ந்திருக்கின்றன. அங்கே குழாய் வாயை வைத்தால் கண்டென்சரின் ஒரு பகுதி மறைந்துவிடும். டிராஃபிக்கில் ஏ.சி. வலுவிழக்கும், ஃபேன் ஓயாமல் ஓடும். ரேடியேட்டருக்குப் பின்னாலிருந்து எடுத்தால் வருவது வெந்த காற்று. அதோடு, முழுத் திருப்பத்தில் ஹோஸ் டயரில் உரசித் தேய்ந்து கம்பி வெளியே வந்தது. ஷெட்டில் எலி கடித்த ஓட்டை தனி. டிராக்குக்கு மட்டுமே ஓடும், ஏ.சி. இல்லாத வண்டி என்றால் ஹோஸ்தான் சிறந்தது. வீட்டுக்கும் ஓட்டிப் போக வேண்டிய வண்டிக்கு இல்லை.

பலனை அளக்க இன்ஃப்ராரெட் துப்பாக்கியை நம்ப வேண்டாம். பளபளக்கும் இரும்பில் அது குறைத்துக் காட்டும். டிராக்கின் ஓரத்தில் வண்டி நிறுத்தும் பிட்டுக்கு வருவதற்குள் டிஸ்க்கும் ஆறிவிடும். சூடு காட்டும் பெயின்ட் நல்லது: டிஸ்க் விளிம்பில் மூன்று கோடு. பச்சை 430 டிகிரியில் நிறம் மாறும், ஆரஞ்சு 560-ல், சிவப்பு 610-ல். தடுப்பு மாட்டுவதற்கு முன் ஆரஞ்சு முழுக்க மாறியிருந்தது. மாட்டிய பிறகு, அதே பேட், அதே அளவு சுற்றுகளில், பச்சை மட்டும் மாறி, ஆரஞ்சு மாறாமல் நின்றது. டிஸ்க்கில் இவ்வளவு இறங்கியதும் ஆயில் கொதிப்பது நின்றுவிட்டது. பேடுக்கும் பிஸ்டனுக்கும் நடுவே 1 மி.மீ. டைட்டானியம் தகடு வைப்பதும் உதவும். சாதாரண எஃகைவிட அது சூட்டைக் கடத்துவது மிகக் குறைவு. புதுப் பேட் தடிமனாக இருக்கும்போது இடம் போதாமல் போகலாம் என்பதுதான் சிக்கல்.

மழைக்காலத்தில் இதே அள்ளி தண்ணீரையும் அள்ளும். ஐப்பசி, கார்த்திகையில் தேங்கிய தெருவைத் தாண்டியதும் முதல் மிதியில் பிரேக் ஒரு கணம் தாமதமாகப் பிடிப்பது தெரியும். வெள்ளத்தைக் கடந்தவுடன் ஆள் இல்லாத இடத்தில் பெடலை லேசாக அழுத்தியபடி கொஞ்ச தூரம் ஓட்டி உலர்த்திக்கொள்ள வேண்டும். அந்த இரண்டு மாதத்துக்குப் பழைய சின்னத் தடுப்பையே மாட்டிவிடுவது இன்னும் நல்லது. கால் மணி நேர வேலை. ஈ.சி.ஆர். பக்கம் நிறுத்தும் வண்டிகளில் உப்புக் காற்றால் டிஸ்க்கின் உள்சந்துகளில் துரு பொருக்குக் கட்டிக் காற்று வழியை அடைக்கும். சக்கரம் கழற்றும்போதெல்லாம் கம்ப்ரஸர் காற்றால் ஊதுங்கள். துளைகளில் பேட் தூள் அடைத்திருந்தால் சின்ன டிரில் பிட்டைக் கையால் திருகி எடுக்கலாம். துளையிலிருந்து துளைக்கு ஓடும் வெடிப்போ விளிம்பைத் தொட்ட வெடிப்போ தெரிந்தால் டிஸ்க்கை மாற்றுவதைத் தள்ளிப்போடாதீர்கள். குறைந்தபட்சத் தடிமன் டிஸ்க்கிலேயே பொறித்திருக்கும். மூன்று வருடத்தில் இடதுபக்க அள்ளி ஒன்று ஸ்பீட் பிரேக்கரில் உடைந்து மாற்றப்பட்டது. மற்றபடி செலவு ஆயிலுக்கும் பேடுக்கும்தான்.

வண்டி நின்றுவிட்டால் இந்தத் தடுப்புகளால் ஒரு பயனும் இல்லை. டிஸ்க்கின் சூடு அப்போதுதான் காலிப்பருக்குள் இறங்கும். ஓடும்போது கொதிக்காத ஆயில் பிட்டில் கொதிக்கும். கடைசிச் சுற்று முழுவதையும் பிரேக்கைத் தொடாமல் ஓட்டி வந்து, ஹேண்ட் பிரேக் போடாமல், கியரில் விட்டு, சக்கரத்துக்கு மரக்கட்டை வையுங்கள். பத்து நிமிடம் கழித்து வண்டியை அரைச் சுற்று தள்ளி நிறுத்தினால் பேட் ஒரே இடத்தில் அப்புவதும் நிற்கும்.