ஹாப் ரகத்தை லேபிளில் போடலாமா? இரண்டு பீர், ஐந்து லேபிள்

ஒயின் பாட்டிலில் திராட்சை ரகம் இருக்கிறதே, பீரில் ஏன் ஹாப் (பீருக்குக் கசப்பும் வாசனையும் தரும் பூ) ரகம் இல்லை என்று கேட்பவர்கள் அதிகம். கேள்வி நியாயமானது, உவமைதான் சரியில்லை. ஒயினில் திராட்சைதான் பானமே. பீரில் ஹாப் லிட்டருக்குச் சில கிராம்தான். அதுவும் எந்த நேரத்தில் விழுகிறது என்பதைப் பொறுத்து ஒரே ஹாப் வெறும் கசப்பாகவும் போகலாம், பழ வாசனையாகவும் நிற்கலாம். பொதுப்படையாக வாதாடுவதைவிட, இரண்டு பீரை எடுத்து ஒவ்வொரு லேபிள் முறையையும் அவற்றின் மேல் ஒட்டிப் பார்ப்பது மேல்.

முதலாவது பில்ஸ்னர் என்ற வெளிர்நிற பீர், 20 லிட்டர். 12% ஆல்ஃபா அமிலமுள்ள (கசப்புக்கு மூலம் இதுதான்) மேக்னம் ரக ஹாப் பெல்லெட், அதாவது அழுத்திய குளிகை, 20 கிராம், 60 நிமிடக் கொதி. அதிலுள்ள ஆல்ஃபா அமிலம் 2.4 கிராம். கொதியில் உருமாறி, அதில் கால்வாசி பீரில் தங்கினால் 600 மில்லிகிராம், அதாவது லிட்டருக்கு 30. கசப்பின் அளவாக இதைத்தான் 30 ஐ.பி.யூ. என்கிறோம். கொதி முடியப் பத்து நிமிடம் இருக்கும்போது சாட்ஸ் ரகம் 20 கிராம். இது வாசனைக்கு; கசப்பில் 3 ஐ.பி.யூ. அளவுதான் சேர்க்கும்.

இரண்டாவது கலங்கலான ஐ.பி.ஏ., ஹாப் தூக்கலான பீர் வகை, இதுவும் 20 லிட்டர். கொதியில் மேக்னம் 10 கிராம். அடுப்பை அணைத்து 80 டிகிரிக்கு இறக்கியதும் கேஸ்கேட் 60 கிராம், 20 நிமிட ஊறல். நொதித்தல் அடங்கும் சமயத்தில் டிரை ஹாப், அதாவது கொதிக்க வைக்காமல் பீரிலேயே போடும் ஹாப்: சிட்ரா பெல்லெட் 100 கிராம், மொசைக் லூபுலின் தூள் 50 கிராம்.

வெறும் "ஹாப்" என்று போடுவது

இன்று பெரும்பாலான லேபிள்கள் இப்படித்தான். ஐரோப்பிய ஒன்றியத்தின் 1169/2011 விதி, 1.2 சதவீதத்துக்கு மேல் ஆல்கஹால் உள்ள பானங்களுக்குப் பொருட்பட்டியலைக் கட்டாயமாக்கவில்லை. ஒவ்வாமை தரும் பொருட்களைச் சொல்லியாக வேண்டும், அவ்வளவே. ஜெர்மன் பாட்டில்களில் பட்டியல் உண்டு. "ஹாப் எக்ஸ்ட்ராக்ட்" (ஹாப்பின் செறிவுச் சாறு) என்று தனியாகப் போடுபவர்களும் உண்டு. ஆனால் ரகப் பெயர் இருந்தால் அது விளம்பரத்துக்காக இருக்கும்.

இந்த முறைக்கு ஒரு நல்ல காரணம் இருக்கிறது. கசப்புக்கான ஹாப்பை ஆலைகள் ரகம் பார்த்து வாங்குவதைவிட ஆல்ஃபா கணக்கில்தான் வாங்குகின்றன. மேக்னம் கிடைக்காவிட்டால் ஹெர்குலஸ். அதன் ஆல்ஃபா கூடுதல் என்பதால் எடையைக் குறைத்துக்கொண்டால் போதும். ஒரு மணி நேரக் கொதியில் வாசனை எண்ணெய் அநேகமாக ஆவியாகிவிடும். இந்த மாற்றத்தை நாக்கு கண்டுபிடிப்பது அபூர்வம். அதற்காக லேபிளை மாற்றி அடிக்கச் சொல்வது வீண் செலவு.

பில்ஸ்னருக்கு இந்த மௌனம் பொருந்தும். ஐ.பி.ஏ.வுக்குப் பொருந்தாது. லிட்டருக்கு 7.5 கிராம் டிரை ஹாப் போட்டுவிட்டு "ஹாப்" என்று மட்டும் எழுதுவது, மசாலா டப்பாவில் "மசாலா" என்று எழுதுவது மாதிரி.

எடை வரிசையில் எல்லா ரகமும்

உணவுப் பொட்டலத்துக்கான விதியை அப்படியே நகல் எடுப்பது: எடை அதிகமானது முதலில். கேட்க ஒழுங்காகத் தெரியும். கலத்துக்குப் பக்கத்தில் வந்தால் ஆட்டம் காணும்.

பில்ஸ்னரில் மேக்னமும் சாட்ஸும் ஆளுக்கு 20 கிராம். சமம். இப்போது மேக்னம் பெல்லெட்டுக்குப் பதில் 48% ஆல்ஃபா உள்ள எக்ஸ்ட்ராக்ட் 5 கிராம் போடுங்கள். ஆல்ஃபா அதே 2.4 கிராம், கசப்பு அதே 30. ஆனால் பட்டியலில் சாட்ஸ் தலைக்கு வந்துவிட்டது, மேக்னம் வாலுக்குப் போய்விட்டது. குடிப்பவருக்கு எதுவும் மாறவில்லை.

ஐ.பி.ஏ.வில் கோளாறு இன்னும் பெரிது. லூபுலின் தூள் என்பது இலைச் சக்கையைக் கழித்து மஞ்சள் சுரப்பியை மட்டும் செறிவாக்கியது. 50 கிராம் தூள் ஏறக்குறைய 100 கிராம் பெல்லெட்டின் வேலையைச் செய்யும். எடை வரிசை சிட்ரா, கேஸ்கேட், மொசைக், மேக்னம் என்று வரும். மூக்குக்கு வரும் வரிசை வேறு: சிட்ரா, மொசைக், அதற்கப்புறம் எங்கோ தூரத்தில் கேஸ்கேட். சூடான வோர்ட்டில் (நொதிக்கும் முன்புள்ள மால்ட் சாறு) ஊறிய கேஸ்கேடின் மைர்சீன் என்ற வாசனை எண்ணெயில் பெரும்பகுதி ஆவியோடு போயிருக்கும்.

விதி பிசகாத, ஆனால் தவறாக வழிகாட்டும் லேபிள் இது. மௌனத்தைவிட இது மோசம்.

சதவீத வரம்பு, ஒயின் மாதிரி

அமெரிக்காவில் திராட்சை ரகத்தின் பெயரை ஒயினுக்கு வைக்க அந்த ரகம் 75 சதவீதமாவது இருக்க வேண்டும். ஐரோப்பிய ஒன்றியத்தில் 85. இதையே ஹாப்புக்கு வைத்தால்? பெல்லெட் போட்ட நம் பில்ஸ்னரில் சாட்ஸ் 50 சதவீதம். "சாட்ஸ் பில்ஸ்னர்" என்ற பெயர் கிடையாது. எக்ஸ்ட்ராக்ட் போட்டால் 25-க்கு 20, அதாவது 80 சதவீதம். ஒரு வரம்பில் பாஸ், இன்னொன்றில் ஃபெயில். பீர் மட்டும் அதேதான். கசப்பும் சாட்ஸிலேயே வரட்டும் என்றால், 3.5% ஆல்ஃபாவுக்குக் கிட்டத்தட்ட 69 கிராம் கொதியில் போட வேண்டும். பச்சிலைத் தன்மை ஏறும், கலத்தின் அடியில் சக்கை அதிகம் சேரும், சக்கையோடு வோர்ட்டும் வீணாகும்.

ஆனால் இந்த முறை பிடிக்க நினைக்கும் திருட்டு நிஜமானது. 20 லிட்டரில் 5 கிராம் சிட்ராவை டிரை ஹாப்பில் தூவிவிட்டு முகப்பில் கொட்டை எழுத்தில் "சிட்ரா" என்று போடலாம். லிட்டருக்கு கால் கிராம். தேடினாலும் கிடைக்காது. இதைத் தடுக்கச் சதவீதம் உதவாது, லிட்டருக்கு எத்தனை கிராம் என்ற கணக்குதான் உதவும். முகப்பில் பெயர் வர வேண்டுமானால் டிரை ஹாப்பில் அந்த ரகம் லிட்டருக்கு 2 கிராமாவது இருக்க வேண்டும் என்று வைக்கலாம். இந்தக் கிராம் கணக்கைப் பெருமைக்காக ஏற்றிக்கொண்டே போவதும் ஆபத்துதான்: லிட்டருக்கு 8 கிராமைத் தாண்டினால் பழ வாசனை அதே கதியில் கூடாது, தேயிலை வாடை முந்திக்கொள்ளும்.

வாசனையைச் சொல்வது

"கிரேப்ஃப்ரூட், மாம்பழம், பைன், 30 ஐ.பி.யூ." புதிதாக வாங்குபவருக்கு இதுதான் சட்டென்று புரியும். ரகப் பெயரை மனப்பாடம் செய்தவர்கள் சிறுபான்மை. சிக்கல் இரண்டு. பழம் கலந்திருக்கிறதோ என்ற குழப்பம் ஒன்று. மற்றது, எழுதியவர் மூக்கும் குடிப்பவர் மூக்கும் ஒன்றல்ல. சரிபார்க்க வழியே இல்லாத வாக்குறுதி.

ரகப் பெயர் மட்டும் சுத்தமான வாக்குறுதியா என்றால் அதுவும் இல்லை. ஸ்டைரியன் கோல்டிங் என்ற பெயரில் வருவது கோல்டிங் இல்லை, ஃபக்கிள். கொலம்பஸ், டோமஹாக் இரண்டும் ஒரே ஹாப்புக்கு இரண்டு பெயர்கள். அமெரிக்காவின் யாக்கிமாவில் விளைந்த கேஸ்கேடும் ஜெர்மனியின் ஹல்லர்டவ்வில் விளைந்த கேஸ்கேடும் ஒரே மாதிரி மணப்பதில்லை. பறிப்பதைத் தள்ளிப்போட்டால் சில ரகங்களில் பழம் போய் வெங்காயம், பூண்டு நெடி வந்துவிடும். பை மேல் பெயர் மாறாது. சிட்ரா, மொசைக், சிம்கோ எல்லாம் பதிவு பெற்ற வர்த்தகக் குறிகள், கேஸ்கேட் மாதிரிப் பொது ரகங்கள் அல்ல. பெயரைக் கட்டாயமாக்கும் சட்டம் வந்தால், சிறிய ஆலை தன் லேபிளில் அடுத்தவர் வர்த்தகக் குறியைக் கட்டாயமாகச் சுமக்க நேரும்.

கியூ.ஆர். கோடு

2023 டிசம்பர் 8 முதல் ஐரோப்பிய ஒயினுக்குப் பொருட்பட்டியல் கட்டாயம். அதை மின்னணு முறையில் காட்டலாம், ஒவ்வாமைத் தகவல் மட்டும் லேபிளிலேயே இருக்க வேண்டும். பீருக்கும் இது வசதி: தொகுதி எண்ணை அடித்தால் அந்தத் தொகுதியில் போன ரகம், அறுவடை ஆண்டு, கிராம் எல்லாம் வரும். கேனை மறுபடி அச்சடிக்க வேண்டாம். ஆனால் குளிர்பெட்டி முன்னால் நின்று ஆறு கேனை ஸ்கேன் செய்பவர் யார்? கிடங்காக இருக்கட்டும், முகப்பாக வேண்டாம்.

எது தேறுகிறது

கொதியில் போன ஹாப்பை லேபிளிலிருந்து எடுத்துவிடலாம். டிரை ஹாப்பில் போன ரகம் மட்டும், பெல்லெட் கணக்குக்கு மாற்றிய கிராமோடு வரட்டும். டிரை ஹாப்பே இல்லாத பீருக்கு, கொதியின் கடைசிப் பத்து நிமிடத்திலும் அதற்குப் பிறகும் போட்டது. ஆனால் இவை எல்லாவற்றையும்விட முக்கியம் அடைத்த தேதி. "இதற்குள் குடிக்கவும்" என்ற தேதி போதாது. அது ஆறு மாதமா, ஒரு வருடமா என்று ஆலைக்கு ஆலை மாறும். அடைக்கும்போது ஆக்சிஜன் உள்ளே போயிருந்தால், அறை வெப்பத்தில் சில வாரங்களிலேயே ஐ.பி.ஏ.வின் நிறம் அடர்ந்து பழுப்பாகும், மாம்பழம் இருந்த இடத்தில் ஈரமான அட்டைப்பெட்டி வாடை நிற்கும். பாட்டில் மூடியின் உள்பூச்சு மைர்சீனைத் தன் பங்குக்கு உறிஞ்சிக்கொள்ளும். அப்படிப்பட்ட பாட்டிலில் "சிட்ரா" என்ற சொல் பழைய முகவரி மாதிரி: எழுத்து சரி, ஆள் இல்லை.

ஆக, பில்ஸ்னருக்கு: "வாசனை ஹாப்: சாட்ஸ், லிட்டருக்கு 1 கிராம். 33 ஐ.பி.யூ. அடைத்த தேதி." ஐ.பி.ஏ.வுக்கு: "டிரை ஹாப்: சிட்ரா 5, மொசைக் 5 கிராம், லிட்டருக்கு. அடைத்த தேதி. குளிரில் வைக்கவும்." ரகம் மாறிய தொகுதிக்கு, தேதி அடிக்கும் அதே இங்க்ஜெட் கருவி கேனின் அடியில் இரண்டாவது வரியாக ரகத்தையும் அடித்துவிடும்.