‘கிளையன்ட் அப்ரூவ் பண்ணலை’ என்று சொன்னால் உடனே நம்பாதீர்கள்: ஆபீஸ் இன்டீரியர் சப்-கான்ட்ராக்டர்களுக்கு ஒரு எச்சரிக்கை

வெளிநாட்டுக் கம்பெனி சென்னையில் ஆபீஸ் போடும்போது சீலிங், பார்ட்டிஷன், கார்பென்டரி செய்யும் நம்மைப் போன்றவர்களிடம் நேரே வருவதில்லை. நடுவில் ஒரு ‘டிசைன் அண்ட் பில்ட்’ கம்பெனி இருக்கும். டிராயிங்கில் தொடங்கி நாற்காலி இறக்குவது வரை எல்லாம் அவர்கள் பொறுப்பு, கிளையன்டுக்கு ஒரே ஒப்பந்தம். நாம் அவர்களுக்குக் கீழே. அப்படி ஒரு நடுக் கம்பெனியிடம் நான் பட்டதைச் சொல்கிறேன். விவகாரம் இன்னும் முடியவில்லை, அதனால் பெயர் போடவில்லை.

ஓ.எம்.ஆரில் ஒரு ஐ.டி. பார்க். கிளையன்ட் ஜெர்மனிக்காரர்கள். பார்ட்டிஷனும் ஃபால்ஸ் சீலிங்கும் என் வேலை. பிஓக்யூவில் (எந்த வேலை எவ்வளவு என்ற பட்டியலில்) மீட்டிங் ரூம் சுவர்கள் சீலிங் உயரம் வரைதான், அதாவது 2.7 மீட்டர். பாதி வேலை ஓடிக்கொண்டிருக்கும்போது, பக்கத்து அறைப் பேச்சு கேட்கக் கூடாது என்று கிளையன்ட் சொல்லிவிட்டார்கள். நியாயமான கேள்விதான். சுவர் சீலிங்கோடு நின்றுவிட்டால் மேலே இருக்கும் வெற்றிடம் வழியாகச் சத்தம் தாராளமாகப் போகும். அதனால் எல்லா மீட்டிங் ரூம் சுவரையும் ஸ்லாப் வரை, அதாவது மேல்தளக் கான்கிரீட் வரை ஏற்றி, உள்ளே சத்தத்தைத் தடுக்கும் ராக்வூல் வைத்து, இரண்டு பக்கமும் டபுள் போர்டு அடிக்க வேண்டும் என்று முடிவானது.

காகிதத்தில் இது இன்னும் ஒரு மீட்டர் சுவர். சைட்டில் அப்படி இல்லை. மேலே ஏசி டக்ட், ஸ்பிரிங்ளர் பைப், கேபிள் டிரே எல்லாம் ஏற்கெனவே ஓடுகின்றன. ஒவ்வொன்றைச் சுற்றியும் போர்டை அளந்து வெட்டி, இடுக்கை சீலன்ட் வைத்து அடைக்க வேண்டும். அதுவும் ராத்திரியில்தான், பகலில் சத்தம் வரும் வேலைக்கு பார்க் அனுமதிக்காது. கீழே ஒரு சதுர அடி அடிக்கும் நேரத்தில் மேலே கால்வாசி கூட நகராது.

சைட் இன்ஜினியர் சொன்னது இதுதான்: “அண்ணே, வேலையை நிறுத்தாதீங்க. வேரியேஷன் போட்டுத் தந்துடறோம்.” வேரியேஷன் என்றால் ஒப்பந்தத்தில் இல்லாத கூடுதல் வேலைக்கான தனி ஆர்டர். ரேட்டை மெயிலில் அனுப்பினேன். பதிலுக்கு ‘ப்ரொசீட்’ என்று ஒரு வாட்ஸ்அப். சீலிங்கை மூடுவதற்கு முன்னால் இரண்டு தரப்பும் சேர்ந்து ஜாயின்ட் மெஷர்மென்ட் எடுக்கலாம் என்று அவர்களுடைய க்யூஎஸ்ஸை (அளவும் பில்லும் சரிபார்ப்பவர்) திரும்பத் திரும்பக் கூப்பிட்டேன். நாளைக்கு, மறுநாள் என்று இழுத்தார். கடைசியில் ஹேண்டோவர் தேதி நெருங்குகிறது என்று சீலிங்கை மூடச் சொல்லி மெயில் வந்தது. டேப் வைத்து எடுத்த போட்டோக்களும், சைட் இன்ஜினியர் கையெழுத்துப் போட்ட தினசரி ரிப்போர்ட்டும் என்னிடம் இருந்தன.

ஃபைனல் பில் கொடுத்தபோது வந்த பதில்: எக்ஸ்ட்ரா ஐட்டத்தைக் கிளையன்ட் அப்ரூவ் பண்ணவில்லை. போட்டோவைக் காட்டினால், மூடின சீலிங்குக்கு மேல் எப்படி அளப்பது என்றார் அதே க்யூஎஸ். கையெழுத்தைக் காட்டினால், சைட் இன்ஜினியருக்கு அந்த அதிகாரம் இல்லையாம். கடைசி ஆர்ஏ பில்லும் (வேலை நடக்க நடக்கப் போடும் பில்) 5 சதவீத ரிட்டென்ஷனும் (பில்லில் பிடித்து வைக்கும் தொகை) இதோடு சேர்ந்து நின்றன. கேட்கும்போதெல்லாம் “ஃபாரின் கிளையன்ட் சார், அவங்க ப்ராசஸ் அப்படி.” ஜெர்மனியில் யாரைக் கூப்பிட்டுக் கேட்பது? அந்தத் தூரத்தை வைத்துத்தான் இவர்கள் பிழைப்பே.

சில மாதம் கழித்து, டிஃபெக்ட் லயபிலிட்டி காலத்தில் (குறை வந்தால் நாமே சரிசெய்து தர வேண்டிய காலம்) ஒரு கதவு சரியாக மூடவில்லை என்று அழைத்தார்கள். போனேன். கிளையன்டின் அட்மின் மேனேஜர், நம்மூர்க்காரர்தான், கொஞ்சம் கோபமாகவே கேட்டார்: “இந்தச் சுவருக்குத் தனியா காசு வாங்கித்தானே பண்ணீங்க, அப்புறம் எப்படி சார் இன்னும் சத்தம் வருது?” சத்தம் வந்தது கதவுக்கடியில் இருந்த இடைவெளியால். அதை விளக்கிவிட்டு, எந்தக் காசு என்று கேட்டேன். அவர் லேப்டாப்பைத் திருப்பி, நடுக் கம்பெனி அவர்களுக்குக் கொடுத்த பில்லைக் காட்டினார். மீட்டிங் ரூம் சுவர் ஸ்லாப் வரை, ராக்வூலுடன், அப்ரூவ்டு, பெய்டு. நான் கேட்ட ரேட்டைவிட ஏறக்குறைய இரண்டு மடங்கு. எந்த க்யூஎஸ் அளக்க முடியாது என்றாரோ, அவர் பெயரே தயாரித்தவர் இடத்தில் இருந்தது.

அன்றைக்கு ராத்திரியே என் 26ஏஎஸ்ஸை, அதாவது என் பெயரில் யார் எவ்வளவு வருமான வரி பிடித்துக் கட்டினார்கள் என்று காட்டும் அறிக்கையை, எடுத்துப் பார்த்தேன். ‘இன்னும் பாஸ் ஆகவில்லை’ என்று அவர்கள் சொல்லிக்கொண்டிருந்த அந்த ஆர்ஏ பில்லுக்கு டிடிஎஸ் (நமக்குத் தரும் பணத்தில் பிடிக்கும் வருமான வரி) பிடித்துக் கட்டியிருந்தார்கள். கணக்கில் ஏற்றாத பில்லுக்கு யாராவது வரி பிடிப்பார்களா? பில் நிற்கிறது என்று யார் சொன்னாலும் முதலில் இதைப் பாருங்கள், போன் போட்டுக் கெஞ்சுவதெல்லாம் அப்புறம். பணம் வருவதற்கு முன்பே அந்தப் பில்லுக்கு 18 சதவீத ஜிஎஸ்டியை நான் கையிலிருந்து கட்டியிருந்தேன். 180 நாளுக்குள் நமக்குப் பணம் தராவிட்டால், அந்தப் பில்லில் எடுத்த இன்புட் கிரெடிட்டை (நம் பில்லின் ஜிஎஸ்டியைத் தங்கள் வரியில் கழித்துக்கொண்டதை) அவர்கள் வட்டியோடு திருப்பிக் கட்ட வேண்டும். இதை மெயிலில் எழுதி, அவர்கள் அக்கவுன்ட்ஸ் தலைவருக்கும் ஒரு நகல் அனுப்பினேன். ஆர்ஏ பில் பணம் அந்த வாரமே வந்தது. சைட் ஆட்களிடம் பேசிய மாதங்கள் வீண்.

எக்ஸ்ட்ரா ஐட்டமும் ரிட்டென்ஷனும் இன்னும் வரவில்லை. சிறு நிறுவனங்களுக்கான உத்யம் பதிவு முன்பே இருந்ததால், பணம் தராத புகார்களை விசாரிக்கும் எம்எஸ்எம்இ கவுன்சிலுக்குப் போயிருக்கிறேன். 2006-ஆம் ஆண்டுச் சட்டப்படி சிறு, குறு நிறுவனத்துக்கு அதிகபட்சம் 45 நாளில் பணம் தர வேண்டும், தவறினால் ரிசர்வ் வங்கியின் பேங்க் ரேட்டைப் போல மூன்று மடங்கு வட்டி, மாதாமாதம் கூட்டு வட்டியாக. கவுன்சில் தீர்ப்பை எதிர்த்துக் கோர்ட்டுக்குப் போனால் 75 சதவீதத்தை முதலில் டெபாசிட் செய்ய வேண்டும். கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் ஒர்க்ஸ் கான்ட்ராக்ட்டுக்கு (மெட்டீரியலும் லேபரும் சேர்ந்த ஒப்பந்தம்) இந்தச் சட்டம் பொருந்தாது என்று பம்பாய் உயர் நீதிமன்றம் சொன்ன தீர்ப்புகள் உண்டு, அவர்கள் வக்கீல் முதலில் எடுத்ததும் அதைத்தான். மெட்டீரியல் சப்ளைக்கும் லேபருக்கும் தனித்தனி ஆர்டர் வாங்க முடியுமா என்று வேலை எடுக்கும் முன்பே உங்கள் ஆடிட்டரிடம் கேட்டுவிடுங்கள்.

இதே கம்பெனி இப்போது வேறொரு வெளிநாட்டு ஆபீஸுக்கு ஆள் தேடுகிறது என்று கேள்விப்பட்டேன். எந்தக் கம்பெனியாக இருந்தாலும் சரி, ஒர்க் ஆர்டரில் ‘கிளையன்டிடமிருந்து பணம் வந்த பிறகே தரப்படும்’ என்ற வரி இருக்கிறதா என்று தேடுங்கள், பெரும்பாலும் கடைசிப் பக்கத்தில் சின்ன எழுத்தில் இருக்கும். இருந்தால் அந்த வரியை அடித்து நீக்கச் சொல்லுங்கள். வேரியேஷனுக்குக் கையெழுத்துப் போடும் அதிகாரம் யாருக்கு என்று பெயரோடு எழுதி வாங்குங்கள். சீலிங்கை மூடச் சொல்லி மெயில் வந்தால், ‘மெஷர்மென்ட் எடுக்க ஆள் அனுப்பவில்லை, இணைப்பிலுள்ள அளவையே இறுதியாக எடுத்துக்கொள்கிறோம்’ என்று அன்றைக்கே பதில் போடுங்கள். நானும் அப்படித்தான் போட்டிருந்தேன், இப்போது கவுன்சிலில் என் பக்கம் நிற்பது அந்த மெயில்தான்.