பூண்டா, கிராம்பா? கேண்டிடாவிடம் எது எடுபடும்

கேண்டிடா ஆல்பிகன்ஸ் பலருடைய வாயிலும் குடலிலும் சும்மா குடியிருக்கும் ஈஸ்ட் வகைப் பூஞ்சை. சர்க்கரை கட்டுக்குள் இல்லாதபோதும், ஆன்டிபயாடிக் எடுத்த பிறகும் அது பெருகி நாக்கில் வெள்ளையாகப் படிகிறது. அதை அடக்குமா என்று ஆய்வகங்களில் அடிக்கடி சோதிக்கப்படுபவை பூண்டும் கிராம்பும்.

பூண்டின் பலம் அல்லிசின். முழுப் பல்லில் அது இருக்காது. நசுக்கும்போதுதான் அல்லினேஸ் என்ற நொதி அதை உருவாக்குகிறது. புதுச் சாற்றை, ஈஸ்ட் வளர்க்கும் ஜெல் பரப்பான அகார் தட்டில் விட்டால், சுற்றிலும் ஈஸ்ட் வளராத வட்டம் பளிச்சென்று தெரியும். ஆனால் நசுக்காமல் வேகவைத்தால் நொதி செயலிழந்துவிடும், சாற்றை வைத்திருந்தால் அல்லிசின் சிதைந்துவிடும். அதனால் எப்படி எடுத்த சாறு என்று சொல்லாத ஆய்வை நான் நம்புவதில்லை.

கிராம்பு எண்ணெயில் பெரும்பகுதி யூஜெனால். அது ஈஸ்ட்டின் செல் சவ்வைச் சிதைக்கிறது, அல்லிசினைவிட நாள்பட நிற்கிறது. பல் மருத்துவர்கள் துத்தநாக ஆக்சைடுடன் குழைத்துப் பல் குழியில் வைப்பதும் இதைத்தான். அகார் தட்டில் மட்டும் இதற்கு அநியாயம் நடக்கிறது. ஈரமான அகாரில் எண்ணெய் சரியாகப் பரவாது, வட்டம் சிறிதாகிவிடும். அதைப் பார்த்து "பூண்டே மேல்" என்று எழுதிவிடுகிறார்கள். வட்டத்தை அளப்பதைவிட, வளர்ச்சியைத் தடுக்கக் குறைந்தபட்சம் எவ்வளவு செறிவு தேவை என்று பார்ப்பதே நியாயமான ஒப்பீடு.

சரி, மனித உடலில்? பெண்ணுறுப்பில் உள்ள கேண்டிடாவைப் பூண்டு மாத்திரை குறைக்குமா என்று மெல்போர்னில் சோதித்து 2014இல் வெளியிட்டார்கள். வெற்று மாத்திரையைவிடத் தெளிவான பலன் தெரியவில்லை. பச்சைப் பூண்டையோ நீர்க்காத கிராம்பு எண்ணெயையோ வாய்ப்புண்ணில் தடவினால் மென்தோல் வெந்துபோகும், தயவுசெய்து செய்யாதீர்கள்.

சிகிச்சை என்று வந்தால் ஃப்ளூகோனசோல் போன்ற மருந்துகளுக்கு இவை இரண்டுமே ஈடில்லை. ஃப்ளூகோனசோல், ஈஸ்ட்டின் செல் சவ்வுக்குத் தேவையான எர்கோஸ்டெரால் என்ற பொருளின் உற்பத்தியை மறிக்கிறது. அளவு தெரியும், ரத்தத்தில் சேரும். ஆனால் 2009இல் ஜப்பானில் ஒருவர் காதிலிருந்து பிரித்து விவரிக்கப்பட்ட இன்னொரு கேண்டிடா இனமான கேண்டிடா ஆரிஸ், பெரும்பாலும் இந்த மருந்துக்கும் மசிவதில்லை. உலக சுகாதார நிறுவனம் 2022இல் வெளியிட்ட பூஞ்சைப் பட்டியலில் ஆரிஸும் ஆல்பிகன்ஸும் மிக ஆபத்தான பிரிவில் இருக்கின்றன.

அதனால்தான் ஆராய்ச்சிக்கு என் ஓட்டு கிராம்புக்கு. யூஜெனாலையும் ஃப்ளூகோனசோலையும் சேர்த்து வைத்தபோது சில கேண்டிடா வகைகளில் குறைந்த மருந்தே போதுமானதாக இருந்தது ஆய்வகத்தில் பதிவாகியிருக்கிறது. மருந்துக்குப் பதில் மூலிகை என்பதைவிட, மருந்தோடு மூலிகைப் பொருள் என்ற இந்த வழியில்தான் எனக்கு நம்பிக்கை.