25 வருட விஸ்கி கேட்டால் பாட்டிலைக் கண்ணால் பாருங்கள்

ஊரிலிருந்து வரும் பெரியவர்களை எடின்பரோவுக்கு அழைத்துப்போகிற நண்பர்களுக்காக இதை எழுதுகிறேன். போன மாதம் ராயல் மைல் தெருவை ஒட்டிய ஒரு பாரில் என் மாமாவை ஏமாற்றினார்கள். நானும் உடன் இருந்தேன்.

மாமா மதுரையில் வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர். நல்ல பழைய சிங்கிள் மால்ட்டை (ஒரே வடிசாலையில் முளைகட்டிய பார்லியில் மட்டும் செய்த விஸ்கி) ஒரு முறையாவது ருசிக்க வேண்டும் என்பது அவருக்கு நெடுநாள் ஆசை. பட்டியலில் லஃப்ரோயிக் 25 இருந்தது, அதாவது ஸ்காட்லாந்தின் இஸ்லே தீவில் உள்ள லஃப்ரோயிக் வடிசாலையின் 25 வருட விஸ்கி. 25 மி.லி. 45 பவுண்டு. இரண்டு சொன்னேன். உள்ளேயிருந்து ஊற்றியே கொண்டுவந்து வைத்தார்கள். பாட்டிலைக் காட்டவில்லை, நானும் கேட்கவில்லை. அங்கேதான் தவறு.

முகர்ந்ததும் மாமா, "மாப்ளே, புகை மூக்குல ஏறுதே, இதுவா இருபத்தஞ்சு வருஷம் கிடந்தது?" என்றார். அவருக்கு இது முதல் இஸ்லே விஸ்கி, ஆனாலும் சரியான இடத்தைத் தொட்டுவிட்டார். இஸ்லே தீவில் பெரும்பாலும் பார்லியைப் பீட் எனப்படும் சதுப்பு நில மண்கட்டியை எரித்த புகையில் உலர்த்துவார்கள். அந்தப் புகை மணம் பீப்பாயில் வருடம் ஏற ஏறத் தணிந்துகொண்டே போகும். பத்து வருடச் சரக்கில் மருந்துக்கடை வாடையும் புகையும் முன்னால் வந்து நிற்கும். இருபத்தைந்தில் அவை பின்னுக்குப் போய், பழ வாசனையும் தேன்மெழுகு போன்ற வழவழப்பும் முன்னே வரும். மூன்று வருடம் முன்பு அந்த வடிசாலைக்கே போய் இதே 25ஐக் குடித்திருக்கிறேன். விழுங்கிய பிறகும் வெகுநேரம் நாக்கில் நின்றது. இங்கே வந்ததோ தொண்டையைச் சுட்டுவிட்டு உடனே மறைந்தது. சில சொட்டுத் தண்ணீர் விட்டுப் பார்த்தேன். நல்ல பழைய மால்ட் அப்போது விரியும், இது வெறுமனே நீர்த்துப்போனது.

நிறத்தை வைத்து எதுவும் சொல்ல முடியாது. ஸ்காட்ச்சில் கேரமல் நிறம் சேர்க்கச் சட்டமே இடம் தருகிறது.

சந்தேகம் தீர, அதே வடிசாலையின் 10 வருடத்தை ஒரு கிளாஸ் வாங்கினேன், 7 பவுண்டு. மாமாவைக் கண்ணை மூடச் சொல்லி, கிளாஸ்களை மாற்றி மாற்றிக் கொடுத்தேன். மூன்று முறையும் அவரால் பிரித்துச் சொல்ல முடியவில்லை. என்னாலும் முடியவில்லை.

பாட்டிலைக் காட்டச் சொன்னேன். திறந்து ஒரு வருடம் ஆகிறது, நன்றாகப் போகிற சரக்கு என்று சொல்லிக்கொண்டே கொண்டுவந்தார்கள். லேபிளின் ஓரம் தேய்ந்திருந்தது, ஆனால் விஸ்கி கழுத்துக்குக் கொஞ்சம்தான் கீழே நின்றது. 700 மி.லி. பாட்டிலில் மொத்தமே 28 கிளாஸ்தான், நன்றாகப் போகிற சரக்கு என்றால் ஒரு வருடத்தில் இவ்வளவு மிஞ்சியிருக்காது. காலிப் பாட்டிலில் வேறு சரக்கை நிரப்பியிருப்பார்களோ என்று தோன்றியது. விலை உயர்ந்த விஸ்கியின் காலிப் பாட்டில்கள் ஏல இணையதளங்களில் விற்பனைக்கு வருவதை நானே பார்த்திருக்கிறேன்.

மேலாளர், "காற்றுப் பட்டு ருசி மாறியிருக்கும்" என்றார். காற்றுப் பட்டால் புகை மணம் குறையுமே தவிர அதிகமாகாது. அதைச் சொன்னதும் ஒரு கிளாஸுக்கு மட்டும் பணத்தைத் திருப்பித் தந்தார். மாமா கையைப் பிடித்து, "விடு மாப்ளே, போகலாம்" என்றார். அவர் முகத்தைப் பார்க்கத்தான் எனக்குத் தாங்கவில்லை.

பெரிய இடங்களிலும் இது நடக்கிறது. 2017ல் சுவிட்சர்லாந்தின் செயின்ட் மோரிட்ஸில் ஒரு ஹோட்டலில், 1878ஆம் வருட மெக்காலன் (புகழ்பெற்ற ஸ்காட்ச் சிங்கிள் மால்ட்) என்று சொல்லி ஒரே கிளாஸை ஏறத்தாழ 10,000 பிராங்குக்கு விற்றார்கள். ஆய்வகத்தில் சோதித்தபோது அது 1970களின் தொடக்கத்தைச் சேர்ந்த கலப்பு விஸ்கி என்று தெரிந்தது. அந்த ஹோட்டல் முழுப் பணத்தையும் திருப்பித் தந்தது.

தயவுசெய்து, பழைய சரக்கு கேட்டால் உங்கள் கண் முன்னால் ஊற்றச் சொல்லுங்கள். நல்ல பார்களில் யாரும் முகம் சுளிக்க மாட்டார்கள், கார்க்கைக்கூட முகரக் கொடுப்பார்கள். ரசீதில் வயது அச்சாகியிருக்கிறதா என்றும் பாருங்கள். எங்கள் ரசீதில் இருந்தது. அதை இணைத்து நகரசபையில் வணிக மோசடிகளைக் கவனிக்கும் டிரேடிங் ஸ்டாண்டர்ட்ஸ் பிரிவுக்குப் புகார் எழுதியிருக்கிறேன். அந்தத் தெருவில் உங்களுக்கும் இப்படி நடந்திருந்தால் நீங்களும் எழுதுங்கள்.