ஐ7 லப்டொப்பா, ஐ5 டெஸ்க்டொப்பா: கிளிநொச்சியில் இரண்டையும் வைத்து வேலை செய்த அனுபவம்

மாங்குளத்தில் புதிதாக ஸ்டூடியோ போடப்போகிற தம்பி ஒருவர் கேட்டார்: "அண்ணை, ஐ7 லப்டொப் எடுக்கிறதோ, ஐ5 டெஸ்க்டொப் எடுக்கிறதோ?" மொனிட்டர், யூபிஎஸ் எல்லாம் சேர்த்தால் விலையில் பெரிய வித்தியாசம் இல்லை என்கிறார். என்னிடம் இரண்டும் இருக்கின்றன. லப்டொப்பின் புரோசசர் (கணினியின் மூளை மாதிரி) கோர் ஐ7 1255யூ, டெஸ்க்டொப்பின் புரோசசர் கோர் ஐ5 12400. இரண்டுமே 2022இல் வந்த இன்டெல் 12ஆம் தலைமுறை; றாமும் இரண்டிலும் 16 ஜிபி. லப்டொப்பை சேர்விஸ் செய்து எடுத்துவந்த சூட்டோடு எழுதுகிறேன். கோபம் இன்னும் ஆறவில்லை.

லப்டொப்பை முதலில் வாங்க வைத்தது கரண்ட் பிரச்சினை. 2022 மார்ச் கடைசியில் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் வரை வெட்டினார்கள். டெஸ்க்டொப்பை நம்பி ஓர்டர் எடுக்க முடியாத வருடம் அது. டொலர் 360 ரூபாயைத் தாண்டிய வருடமும் அதுதான். லப்டொப் விலையைக் கேட்டாலே நெஞ்சு அடைத்தது. ஆனாலும் கொடுத்த காசுக்கு அது உழைத்தது. கலியாண வீட்டில் தாலி கட்டி முடிந்து பந்தி நடக்கும்போதே மண்டபத்து மூலையில் இருந்து காலைப் படங்களை அடுக்கி, பின்னேர வரவேற்பில் திரையில் ஓடவிட்டிருக்கிறேன். படம் திறப்பது, வெட்டுவது, நிறம் திருத்துவது, ஆல்பம் அடுக்குவது இதிலெல்லாம் டெஸ்க்டொப்புக்கு ஒரு துளியும் குறைவில்லை. கோர் என்பது புரோசசருக்குள் வேலை செய்கிற ஒரு அலகு; இரண்டிலும் உள்ள வேகமான பெரிய கோர் ஒரே குடும்பம்தான். தனிக் கோரின் உச்ச வேகம் லப்டொப்பில் 4.7 கிகாஹேர்ட்ஸ், டெஸ்க்டொப்பில் 4.4. சின்னச் சின்ன வேலைகளில் லப்டொப் சுறுசுறுப்பாகத் தெரிவதற்கு அதுவும் ஒரு காரணம்.

பிரச்சினை நீளமான வேலையில்தான். வற்றாப்பளை அம்மன் வைகாசிப் பொங்கலை எடுத்து வந்தால் ஒரு முழு இரவுக் காட்சி கையில் இருக்கும். அடுக்கிய வீடியோவை ஒரே ஃபைலாக்குகிற வெறும் எக்ஸ்போர்ட் என்றால், புரோசசரோடு சேர்ந்து வரும் உள் கிராபிக்ஸில் இருக்கும் குவிக் சிங்க் என்ற வீடியோ வசதி பாதிச் சுமையைத் தாங்கிவிடும். இருட்டில் எடுத்ததற்கு நொய்ஸ் (படத்தில் வரும் புள்ளிகள்) குறைக்க வேண்டும், சனத்துக்குள் நடந்து எடுத்ததற்கு படம் ஆடுவதை நிறுத்த வேண்டும் என்றால், நான் பாவிக்கிற மென்பொருளில் எல்லாம் புரோசசரின் தலையில்தான் விழும். டாஸ்க் மேனேஜரைத் திறந்து வைத்துப் பார்த்திருக்கிறேன். முதல் அரை நிமிடம் 3.5 கிகாஹேர்ட்ஸைத் தாண்டி ஓடும். பிறகு 3, 2.5 என்று இறங்கி, 2ஐ ஒட்டி நின்றுவிடும். எக்ஸ்போர்ட் முடியும்வரை அது ஏறவே ஏறாது. ஃபான் மட்டும் கத்திக்கொண்டே இருக்கும்.

சூடுதான் காரணம் என்று சேர்விஸ் கடையில் சொன்னார்கள். அதிலும் உண்மை இல்லாமல் இல்லை. அடித்தட்டைக் கழற்றியபோது நானும் பக்கத்தில் நின்றேன். ஃபான் காற்றைத் தள்ளுகிற வழியில், மெல்லிய தகடுகளின் முகப்பில், எங்கள் கிரவல் ரோட்டுப் புழுதி துணி மாதிரிப் படிந்து கிடந்தது. பிரஷ்ஷுக்கு அசையவில்லை, பொடியன் நகத்தால் உரித்து எடுத்தான். புரோசசரின் சூட்டைக் கடத்துகிற தேர்மல் பேஸ்ட் காய்ந்து பொடியாகிப் போயிருந்தது. புதிது பூசினார்கள். "இனிப் பறக்கும் அண்ணை" என்றான் பொடியன்.

பறக்கவில்லை. 95 பாகையில் நின்ற சூடு 80க்குள் வந்தது, ஃபான் சத்தமும் குறைந்தது. வேகம் அதே 2தான். சூடு, வாட் எல்லாம் காட்டுகிற எச்டபிள்யூஇன்ஃபோ என்ற மென்பொருளில் பார்த்தால் காரணம் தெரிகிறது: முதலில் 50 வாட் அளவுக்கு இழுக்கிற புரோசசர் கொஞ்ச நேரத்தில் 15 வாட்டுக்கு இறங்கி அங்கேயே நிற்கிறது. சூடு குறைந்தாலும் அந்த எல்லை அசையாது. 1255யூவுக்கு இன்டெல் குறித்த அடிப்படை வாட், அதாவது நீண்ட நேரம் நின்று ஓடுகிற அளவு, அதுதான், லப்டொப் செய்தவர்களும் அதற்கு மேல் விடவில்லை. 12400க்கு அடிப்படையே 65 வாட், உச்சம் 117. அதன் 6 கோரும் 4 கிகாஹேர்ட்ஸில் தொடங்கி 4இலேயே முடிக்கும். லப்டொப்பில் ஒரு மணித்தியாலத்துக்கு மேல் இழுக்கிற வேலை அங்கே அரை மணித்தியாலத்தில் முடிந்துவிடுகிறது. ஐ5 என்ற பெயரோடு!

எனக்கு எரிச்சல் வருவது அந்த ஐ7 ஸ்டிக்கரில்தான். "10 கோர்" என்று பெருமையாகப் போட்டிருப்பார்கள். அதில் பெரிய கோர் 2, மற்ற 8ம் சின்னது. 12400இன் 6ம் பெரியவை. த்ரெட் (ஒரே நேரத்தில் ஓடுகிற வேலை வரிசை) எண்ணிக்கை இரண்டிலும் 12தான். ஒருவன் கடன்பட்டு வாங்குகிற சாமானில் எத்தனை வாட் நின்று ஓடும் என்பதையும் ஐ7க்குப் பக்கத்தில் எழுதினால் என்ன குறைந்துவிடும்? 12ஆம் தலைமுறையில் பெயரின் கடைசி எழுத்தைப் பார்த்தால் ஓரளவு பிடிபடும்: யூ என்றால் பெரும்பாலும் 15 வாட், பி 28, எச் 45. கடையில் அந்த எழுத்தை யாரும் வாய் திறந்து சொல்வதில்லை.

டெஸ்க்டொப்பையும் தூக்கிப் பிடிக்க முடியாது. கச்சான் காற்றுக் காலத்தில் கொப்பு லைனில் தட்டி கரண்ட் வெட்டி வெட்டி வரும். சின்ன யூபிஎஸ் சில நிமிடம்தான் தாங்கும், சேவ் பண்ணி மூட மட்டும் சரி. 80 வீதத்தில் நின்ற எக்ஸ்போர்ட்டை முதலிலிருந்து தொடங்கின இரவுகள் உண்டு. லப்டொப்பில் எனக்கு அப்படி ஒருநாளும் நடந்ததில்லை. கேசிங்குக்குள்ளும் புழுதி போகிறதுதான், ஆனால் பக்கத் தட்டைக் கழற்றி ஊதினால் வேலை முடிந்தது, கடைக்குத் தூக்கிக்கொண்டு ஓடத் தேவையில்லை.

அந்தத் தம்பிக்கு என் பதில்: டெஸ்க்டொப் எடு. லப்டொப் என்னைக் கைவிடவில்லை, கலியாண வீடுகளில் மானத்தைக் காப்பாற்றியிருக்கிறது, எல்லாம் சரி. ஆனாலும் இன்றைக்கு என்னிடம் கேட்டால் யூ போட்ட ஐ7ஐ ஸ்டூடியோ வேலைக்கு வாங்கச் சொல்லமாட்டேன். 12400 எடுக்கும்போது பெயருக்குப் பின்னால் எஃப் இருக்கிறதா என்று பார். எஃப் என்றால் உள் கிராபிக்ஸ் கிடையாது; குவிக் சிங்கும் இல்லை, தனி கார்ட் போடாவிட்டால் திரையும் வராது. மிஞ்சுகிற காசு இருந்தால் யூபிஎஸ்ஸைப் பெரிதாகப் போடு.