டீக்கறை படிந்த "1904 அசல் வரைபடம்": வாங்கிவிடாதீர்கள்

போன மாதம் பழைய ஜப்பானியக் கையெறி குண்டுகளின் படங்கள் என்று ஒரு கோப்பை 45 டாலர் கொடுத்து வாங்கி ஏமாந்தேன். விற்ற ஆள் இன்னும் விற்றுக்கொண்டுதான் இருக்கிறார், அதனால் எழுதுகிறேன்.

ருஷ்யர் வசமிருந்த சீனத் துறைமுகமான போர்ட் ஆர்தரின் முற்றுகையைப் பற்றிப் படித்துக்கொண்டிருந்தேன். 1904-05 ருஷ்ய-ஜப்பானியப் போரில் இரு தரப்பும் அகழிகளில் நெருங்கி மோதியபோது, ஏறக்குறைய வழக்கொழிந்துவிட்ட கையெறி குண்டு மறுபடி வேண்டியதாயிற்று. தகர டப்பா, மூங்கில் என்று கையில் கிடைத்ததை வைத்துக் களத்திலேயே செய்துகொண்டார்கள். அவற்றின் படம் கிடைக்குமா என்று இணையத்தில் துழாவியபோது ஒருவர் மாட்டினார். சரியாகச் சொன்னால், நான் அவரிடம் மாட்டினேன். "1904, ஜப்பானிய ராணுவத்தின் அசல் வரைபடங்கள், வேறெங்கும் கிடைக்காது."

கோப்பு வந்தது. பக்கமெல்லாம் டீயில் முக்கி எடுத்த பழுப்பு. அந்தப் பழுப்பைப் பார்த்தே உருகிப்போனேன்.

மறுநாள்தான் பெரிதாக்கிப் படித்தேன். ஒரு படத்தின் கீழ், ஊசியை உருவியதும் குண்டின் தலையை இரும்புத் தொப்பியில் தட்டி எறிய வேண்டும் என்று எழுதியிருந்தது. 1904-இல் ஏது இரும்புத் தொப்பி? ஜப்பானியச் சிப்பாய் அப்போது போட்டிருந்தது துணித்தொப்பி. முதல் உலகப் போர் அகழிகளுக்கே இரும்புத் தொப்பி 1915-இல்தான் வந்தது. அப்புறம் அளவுகள்: எல்லாம் அங்குலத்தில். தன் துப்பாக்கிக்கு 6.5 மில்லிமீட்டர் என்று கணக்கு வைத்த ராணுவம் அது.

படத்தில் இருந்த பெயர் இன்னும் மோசம்: 91-ஆம் வகை. 1920-களின் பிற்பகுதி முதல் ஜப்பானியர் அந்த எண்ணைத் தங்கள் பேரரசு ஆண்டின் கடைசி இரண்டு இலக்கங்களிலிருந்து எடுத்தார்கள். அந்தக் கணக்கு கி.மு. 660-இல் தொடங்குகிறது. 2591 என்றால் நமக்கு 1931. 97-ஆம் வகை 1937. முற்றுகை முடிந்து ஒரு தலைமுறைக்குப் பிறகு வந்த குண்டுகள் இவை. பிறகு தேடியதில், இரண்டாம் உலகப் போரின்போது அமெரிக்க ராணுவம் அச்சிட்ட கையேட்டில் அதே பக்கங்கள் இருந்தன. இலவசம். இவர் பக்க எண்ணை அழித்து, பழுப்பேற்றியிருக்கிறார், அவ்வளவுதான்.

பணத்தைத் திருப்பிக் கேட்டேன். "டிஜிட்டல் பொருளுக்கு ரீஃபண்ட் கிடையாது" என்றார். கூடவே ஒரு சலுகை: அதே போரில் பயன்பட்ட பீங்கான் குண்டு ஒன்று இருக்கிறதாம், வெறும் கூடுதான், எனக்காக 120 டாலருக்குத் தருகிறாராம். பீங்கான் குண்டு 1904-இல் அல்ல, 1944-45-இல் இரும்புத் தட்டுப்பாட்டால் வந்தது. அரிதா, பிசென் போன்ற ஊர்களின் மண்பாண்டச் சூளைகளில் சுட்டார்கள். சைதாமாவில் பின்னுமா ஆற்றோரம் அதன் சில்லுகள் இன்றும் கிடக்கின்றன. இதை எழுதி அனுப்பியதும் என்னை பிளாக் செய்துவிட்டார்.

அசல் ஜப்பானிய ஆவணம் வேண்டுமென்றால், ஆசிய வரலாற்று ஆவணங்களுக்கான ஜப்பான் மையம் 2001 முதல் இணையத்தில் காசில்லாமல் காட்டுகிறது. ஒவ்வொரு ஆவணத்துக்கும் ஒரு குறியீட்டு எண் உண்டு. விற்பவரிடம் அதைக் கேளுங்கள். நான் கேட்கவில்லை.

நேற்று நண்பரின் கணக்கிலிருந்து எட்டிப் பார்த்தேன். தலைப்பை "1910" என்று மாற்றிவிட்டார். உள்ளே இருப்பது 10-ஆம் வகைக் குண்டாம். பேரரசு ஆண்டுக் கணக்குக்கு முந்தைய வழக்கப்படி, அந்தப் 10 தைஷோ மன்னரின் ஆட்சியில் பத்தாம் ஆண்டு. அதாவது 1921.